ஐஸ் கம்பெனிச் சுவர்

திருவொற்றியூர்க் குப்பத்தில், ஐஸ் கம்பெனியின் பின்சுவர் பவுனம்மாளின் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. பக்கவாதத்தில் விழுந்த அவள் கணவன் லட்சுமணன் சுவரோரக் கட்டிலில்தான் கிடந்தான். ஒற்றை அறை வீடு. கட்டிலை வேறெங்கும் போட இடமில்லை.

மார்கழியிலேயே வழக்குப் போட்டிருக்கலாம். குப்பத்துப் பஞ்சாயத்து தடுத்துவிட்டது. சுவரை இடித்தால் அதை ஒட்டிய இயந்திரத்தை நிறுத்த வேண்டும். ஐஸ் இல்லாமல் படகுகள் எப்படிக் கடலுக்குப் போகும்? மீன்பிடித் தடைக்காலத்தில் இடிக்கலாம் என்று முடிவானது. முதலாளி ஜார்ஜ் சம்மதித்தார். பவுனம்மாளும் தலையாட்டினாள். மீன் விற்கிற அவளுக்கும் ஐஸ் வேண்டுமே.

தடைக்காலம் வருவதற்குள் கம்பெனி மூடிவிட்டது. கடனுக்காக வங்கி ஏல நோட்டீஸ் ஒட்டியது. வாங்குகிறவன் இடித்துவிடுவான் என்று குப்பம் நம்பியது. எதற்கும் இருக்கட்டும் என்று பவுனம்மாள் வழக்கும் போட்டாள். ஏலத்துக்கு முந்தைய வாரம் கம்பெனியின் திவால் மனு ஏற்கப்பட்டது.

வக்கீல் செங்கொடி வியாசர்பாடிக்காரி. சுற்றி வளைக்கவில்லை.

"ஏலம் நின்னுபோச்சு யக்கா. நம்ம கேசும் நின்னுபோச்சு."

"அவன் திவாலானா என் கேசு இன்னாத்துக்கு நிக்கணும்? நானா அவனுக்குக் கடன் குட்த்தேன்?"

"கம்பெனி மேல யாரும் கேஸ் நடத்தக்கூடாதுன்னு தீர்ப்பாயம் தடை போட்டுகீது. இனிமே எல்லாம் அவங்க போட்ட அதிகாரி கையிலதான்."

"சொவுருமா?"

"சொவுருந்தான்."

"அப்ப அந்தக் கையால வந்து முட்டுக் குடுக்கச் சொல்லும்மா."

செங்கொடி சிரிக்கவில்லை. தீர்ப்பாயத்திலும் மனுப் போட்டாள். தேதி தள்ளிக்கொண்டே போனது. மாநகராட்சிப் பொறியாளர் வந்து, ஆபத்தான சுவர் என்று அதிகாரிக்கு எழுதினார். இடிக்கக் கம்பெனியிடம் பணமில்லை, சொத்தை வாங்க ஆள் வரட்டும் என்று அதிகாரி பதில் எழுதினார். பவுனம்மாள் இரண்டு சவுக்கு மரங்களால் சுவருக்கு முட்டுக் கொடுத்தாள். அதிகாரி நியமித்த காவலாளி எட்டிப் பார்த்தான்.

"சுவர்ல கை வைக்கக்கூடாதும்மா. கேஸ்ல இருக்கற சொத்து."

"நான் கை வெக்கலை நைனா. அதான் எம்மேல கை வெக்குது."

ஐப்பசியில் மழை பிடித்தது. முட்டு மரம் ஒன்று சேற்றில் நழுவியது. வீட்டுக்குள் காரை உதிர்ந்தது. அண்டை வீட்டார் நான்கு பேர் லட்சுமணனைக் கட்டிலோடு தூக்கிப்போய் வலைக் கொட்டகையில் போட்டார்கள்.

"எப்பத்தான் இடிப்பானுங்க?" குழறிக் கேட்டான்.

"இடிக்கத்தான் உத்தரவு வோணும்," என்றாள் பவுனம்மாள். "வுழறதுக்கு வோணாம்."

அவனுடைய தலையணை நனையாமல் உள்ளேயே இருந்தது. அதை எடுத்துவர வீட்டுக்குப் போனாள்.