உப்புக்காரியின் மகள்

த்லஷ்கலாவில் எங்களுக்கு உப்பு கிடையாது. மெக்சிகர்கள் வழியை அடைத்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடல் தாண்டி வந்த தாடிக்காரர்கள் அவர்கள் மீது படையெடுத்தபோது எங்கள் ஊர் தாடிக்காரர்கள் பக்கம் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

தாடிக்காரர்களின் கப்பலுக்கு அறுத்த பலகைகளை மலை தாண்டி டெஸ்கோகோ ஏரிக்கரைக்குச் சுமந்தவர்களில் நானும் என் மைத்துனன் மிஸ்டோனும் இருந்தோம். நாலு நாள் நடை. கரையில் ஒருத்தி பானைகளில் உப்பு காய்ச்சிக்கொண்டிருந்தாள். பெயர் நெகவால். ஒரு கட்டி கேட்டேன்.

"எந்த ஊரு?"

"த்லஷ்கலா."

"அதானே, உப்பைப் பார்க்கிற பார்வையிலேயே தெரியுது. அது என்ன மரம்?"

"கப்பலுக்கு அக்கா," என்றான் மிஸ்டோன். "ஏரி நடுவுல இருக்கே, அந்த மெக்சிகர் ஊரை வளைச்சுப் பிடிக்க."

அவள் கிளறுவதை நிறுத்தினாள். "என் மக பாபான் அங்கதான் வாக்கப்பட்டிருக்கா."

பிறகு தலையளவு உப்புக்கட்டி ஒன்றை என் கையில் வைத்தாள். "விலை வேணாம். ஊரு விழுந்தா அவளைக் கூட்டிட்டு வந்துடு."

சரி என்றேன். உப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேறென்ன சொல்வது?

ஆறு மாதம் கழித்து, மழைக்காலத்தில் ஊர் விழுந்தது. சனங்கள் எலும்பும் தோலுமாக ஏரியின் குறுக்கே போடப்பட்ட கல்பாதை வழியே வெளியே வந்தார்கள். தங்கம் ஒளித்திருக்கிறார்களா என்று தாடிக்காரர்கள் வாய்க்குள்கூடப் பார்த்தார்கள். லட்சணமான பெண்களைத் தனியே இழுத்துப் போனார்கள். நான் ஓரமாக நின்று, "நெகவால் மக பாபான்!" என்று இரண்டு நாள் கத்தினேன்.

"விடு மச்சான், செத்திருப்பா," என்றான் மிஸ்டோன்.

மூன்றாம் நாள், முகமெல்லாம் சேறு பூசிய ஒருத்தி என் முன்னால் வந்து நின்றாள்.

"எங்கம்மாவை உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு உப்பு குடுத்தாங்க. உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

அவள் நம்பவில்லை. ஆனாலும் வந்தாள். வழியில் மறித்தவர்களிடம் என் அடிமை என்றேன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

ஏரிக்கரையில் தன் வீட்டு வாசலில் நெகவால், மகள் முகத்துச் சேற்றைக் கையாலேயே வழித்தாள்.

"மாப்பிள்ளை?"

இல்லை என்று பாபான் தலையை ஆட்டினாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"போயிடு," என்றாள் நெகவால், என்னைப் பார்க்காமலே. "சொன்னதைச் செஞ்சுட்ட. போயிடு."

பசிக்கிறது என்று முனகிய மிஸ்டோனை இழுத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏறினேன்.