ஐந்து புள்ளி வாஷர்

கிளாராவுக்குக் கொடுத்தது நாற்பத்திரண்டாம் எண் ஸ்டால். ஸ்ரீபெரும்புதூர்ப் பள்ளி மைதானத்தில் சிறுதொழில் கண்காட்சிக்குப் போட்டிருந்த பந்தல் முடிந்து, அதற்கும் அப்பால் ஜெனரேட்டர் அலறிக்கொண்டிருந்த மூலை. கழிப்பறை தேடுகிறவன்தான் அந்தப் பக்கம் வருவான். முதல் நாள் முழுக்க அவளுடைய பார்வையாளர் நோட்டில் விழுந்தவை நான்கே கையெழுத்துகள். ஒன்று ஜெனரேட்டர் ஓட்டுகிறவருடையது, இன்னொன்று அவருடைய மச்சானுடையது.

நோட்டு அழகுக்கு வைத்ததல்ல. மூன்றாம் நாள் காலையில் குடிநீர்த் துறையின் கொள்முதல் அதிகாரி வருகிறார். அவருக்கு இருப்பது ஒரே ஒரு மணி நேரம். அதிகக் கையெழுத்து விழுந்த பத்து ஸ்டால்களுக்குத்தான் அவரை அழைத்துப்போவோம் என்று சங்கச் செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். அது எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடை. ஏரியெல்லாம் வெடித்துக் கிடந்தது, ஊருக்கு ஊர் அடிபம்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பம்புக்குள் ஏறி இறங்கித் தண்ணீரை இழுப்பது ஒரு தோல் வாஷர். வடக்குப்பட்டில் ஓர் ஓட்டுக் கொட்டகைக்குள் கிளாராவும் ஐந்து பெண்களும் அதைத்தான் செய்துவந்தார்கள்.

ஐந்து வருஷமாக அந்த வாஷர் ரங்கநாதன் என்ற முதலாளியின் பேரில் விற்பனைக்குப் போனது. முத்திரை அவருடையது, பெட்டி அவருடையது, நல்ல பேரும் அவருக்கே. இந்தத் தை மாதம் கிளாரா போதும் என்று நிறுத்திவிட்டாள். இனிமேல் எங்கள் பேரில்தான் விற்போம் என்றாள். அதிகாரி அவள் ஸ்டாலுக்கு வராமல் போனால் பழையபடி ரங்கநாதன் வாசலில் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

ரங்கநாதனுக்கோ முதல் எண் ஸ்டால், நுழைந்ததும் எதிரே. நடுவில் ஓர் அடிபம்பு, கீழே தொட்டி. யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், தண்ணீர் கொட்டும். தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தே பல மாதமான சனம் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அங்கே மொய்த்தது. சாயங்காலம் அவரே மூலைக்கு வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா கிளாரா, ஈ ஓட்டிக்கிட்டு இருக்கியா? பேசாம நம்ம பேர்லயே குடுத்துடு. உனக்கு எதுக்குமா பேரு?"

"கோயில்ல சாமியாரு தண்ணி ஊத்தி வெச்ச பேரு, மொதலாளி. சும்மா கெடக்கறதுக்கு வெக்கல."

அவர் சிரித்துக்கொண்டே போனார். கொட்டகையிலேயே மூத்தவளான சவரியம்மாள் அவர் முதுகைப் பார்த்துப் பொருமினாள்.

"அந்தப் பம்புல கீற வாஷரே நான் அடிச்சதும்மா. காட்சிக்கு வெக்கிற பம்புக்கு நல்லதா ஒண்ணு வேணும்னு மார்கழில ஆள் வுட்டாரே, நான்தான பொறுக்கிக் குடுத்தேன்?"

கிளாரா நிமிர்ந்தாள். "உள்ள உன் புள்ளி இருக்கும்ல, சவரியக்கா?"

"இல்லாம? அஞ்சும் இருக்கும்."

கொட்டகையில் அது ஒரு வழக்கம். எந்த வாஷராவது ஒழுகித் திரும்பி வந்தால் யார் கைவேலை என்று தெரிய வேண்டாமா? அதனால் ஒவ்வொருத்தியும் உட்பக்கத்தில் ஆணியால் தன் கணக்குக்குப் புள்ளி குத்துவாள். கிளாராவுக்கு ஒன்று, ஜெயத்துக்கு மூன்று, சவரியம்மாளுக்கு ஐந்து. வெளிப்பக்கத்தில் தன் முத்திரை விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற ரங்கநாதன் ஒரு வாஷரையும் திருப்பிப் பார்த்தவரில்லை.

மறுநாள் காலை பந்தல் திறந்தபோது, மைதானத்தின் வாசலிலேயே கிளாராவின் பலகை நின்றது. "முதல் எண் ஸ்டால் பம்பில் தண்ணீர் நன்றாக வருகிறதா? உள்ளே இருப்பது எங்கள் வாஷர். திறக்கச் சொல்லுங்கள், ஐந்து புள்ளி இருக்கும். இல்லையென்றால் கடையைக் கட்டிக்கொண்டு போகிறோம். கிளாரா, ஸ்டால் 42."

சனத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பம்பு அடிக்க வந்தவர்களெல்லாம் பம்பைத் திற என்றார்கள். "ஓடற பம்பை எவனாவது பிரிப்பானா?" என்று ரங்கநாதன் சீறினார். அவர் சீறச் சீறக் கூட்டம் மூலைக்கு ஓடியது. புள்ளி வைத்த வாஷரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. செயலாளர் வந்து பலகையை எடுக்கச் சொன்னார். "பொய்யினு காட்டட்டும், நானே ஒடைச்சி அடுப்புல வெக்கறேன்" என்றாள் கிளாரா. சாயங்காலத்துக்குள் நோட்டு நிரம்பி இரண்டாம் நோட்டு வாங்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் அதிகாரி முதல் எண் ஸ்டாலுக்குள் நுழைந்தார். பின்னால் ஊரே நின்றது, கிளாராவும் சவரியம்மாளும் முன்வரிசையில். யாரும் கேட்பதற்கு முன்பே ரங்கநாதன், "கன்னியப்பா, பம்பைத் திற" என்றார்.

கிளாராவுக்குப் பகீரென்றது. நேற்றெல்லாம் மறுத்தவர் இன்று தானாகத் திறக்கிறார் என்றால் உள்ளே கை வைத்துவிட்டார் என்றுதானே அர்த்தம்? மெக்கானிக் கன்னியப்பன் வாஷரைக் கழற்றிக் கொடுத்தான். ரங்கநாதன் அதை உயரப் பிடித்துச் சத்தமாக எண்ணினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. அஞ்சு எங்கம்மா? கடையைக் கட்டு!"

சவரியம்மாள் கிளாராவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். கிளாரா அந்த வாஷரை வாங்கிக் கட்டைவிரலால் தடவினாள். பயமெல்லாம் போய்ச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இது எங்க ஜெயம் அடிச்சது, சார். எண்ணெய்கூட ஊறல, புத்தம்புதுசு. அஞ்சு புள்ளிய எப்ப கழட்டினீங்க, மொதலாளி?"

"இவ சொன்னா ஆச்சா? மூணு புள்ளி யாரு வேணா குத்தலாம்!"

"தை மாசத்துக்கு முன்ன நாங்க குடுத்த வாஷரு பொட்டியக் கொண்டாரச் சொல்லுங்க. புள்ளி இல்லாத வாஷரு ஒண்ணே ஒண்ணு எடுங்க, நான் கடையக் கட்டிக்கினு பூடறேன்."

ரங்கநாதன் திரும்பி மெக்கானிக்கை முறைத்தார். முறைத்ததை அவன் கேள்வி என்று எடுத்துக்கொண்டான்.

"காலைலயே பொட்டி பூரா தேடிட்டேனே மொதலாளி, எல்லாத்துலயும் புள்ளி கீது. நீங்கதான அஞ்சு இல்லாததா ஒண்ணு போடுன்னீங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரி கன்னியப்பனைப் பார்த்தார். "பழைய வாஷர் எங்கேப்பா?"

அவன் சட்டைப் பையைத் துழாவி எண்ணெயில் கறுத்த ஒரு வாஷரை எடுத்தான். "நல்ல வாஷரு சார். தூக்கிப் போட மனசு வர்ல."

சவரியம்மாள் அதைப் பிடுங்கி ஐந்து புள்ளியையும் எண்ணினாள். எண்ணி முடித்ததும் அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். ஐந்து வருஷத்தில் அவள் கைவேலையை அவளுடையது என்று நாலு பேர் முன்னால் சொல்ல முடிந்தது அன்றைக்குத்தான்.

"உங்க ஸ்டால் எங்கம்மா?" என்றார் அதிகாரி.

"கடைசில சார். ஜெனரேட்டர் சத்தத்தப் புடிச்சிகினே வாங்க."

அவர் நடந்தார், கூட்டம் பின்னால் நகர்ந்தது. கிளாரா மட்டும் ஒரு நிமிஷம் நின்று, மூன்று புள்ளி வாஷரை ரங்கநாதன் கையில் வைத்தாள்.

"இது நீங்க காசு குடுத்து வாங்கினது, வெச்சிக்குங்க. பொட்டி காலியானா நாப்பத்திரண்டுக்கு வாங்க, மொதலாளி. எங்க பேரு போட்ட பொட்டில தரோம். மொதல்ல நோட்டுல கையெழுத்துப் போட்டுடுங்க."