கூசாத கண்ணாடி

வாட்ச் ரிப்பேர்க்காரருக்குத் தெரு வைத்த பெயர் நெற்றிக்கண். கண்ணில் மாட்டும் லென்ஸை வேலை இல்லாத நேரத்தில் நெற்றிக்கு ஏற்றிவிடுவார் என்பது ஒரு காரணம். எதைக் காட்டினாலும் குற்றம் சொல்லாமல் விடமாட்டார் என்பது இன்னொன்று. முதல் காரணம் மட்டும்தான் அவர் காதுக்கு எட்டியிருந்தது. அதனால் அந்தப் பெயரில் மனிதருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கடைக்கு எந்த வாட்ச் வந்தாலும் முதலில் பின்மூடியைத் திறந்து அதன் உள்பக்கத்தைப் பார்ப்பார். ரிப்பேர் செய்கிறவர்கள் அங்கே ஊசியால் தங்கள் குறியையும் தேதியையும் பொடிசாகக் கீறி வைப்பது தொழில் வழக்கம். மற்றவர்களுக்கு அது ஒரு தகவல். இவருக்கு அது யாரைத் திட்ட வேண்டும் என்ற விலாசம். "இவனா? இவன் கையில குடுத்ததுக்குக் கிணத்துல போட்டிருக்கலாம்" என்பார். அவருடைய சொந்தக் குறி ஒரு சின்ன முக்கோணம். அது கண்ணில் பட்டால் மட்டும் முகம் மலர்ந்துவிடும். "நம்ம வேலை. பாக்க வேண்டியதே இல்ல" என்று மூடியைக் கீழே வைத்துவிடுவார்.

வலது கட்டை விரலில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. மூடி திறக்கும் கத்தி எப்போதோ வழுக்கியதில் வந்தது. அதைப் பதக்கம் போல எல்லோருக்கும் காட்டுவார். கத்தி வழுக்கியதில் என்ன பெருமை என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

ஆறு வருடங்களுக்கு முன்பு அவரிடம் மனைவியின் தம்பி வேலை பார்த்தான். சர்வீஸ் செய்து கொடுத்த ஒரு வாட்ச் சில மாதம் கழித்துத் திரும்பி வந்தது. வெள்ளை டயலில் கறுப்பாக ஒரு விரல் ரேகை. விரலில் ரப்பர் உறை போடாமல் டயலைத் தொட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. விரலின் எண்ணெய் ஊறி ஊறி, மெதுவாகத்தான் கிளம்பும். கிளம்பிவிட்டால் துடைத்தாலும் போகாது. நெற்றிக்கண் லென்ஸைக்கூட இறக்கவில்லை. "வாட்ச்சுல கை வைக்கிற மூஞ்சியாடா இது? போய் மூட்டை தூக்கு, போ" என்று நாலு பேர் முன்னால் மச்சினனை விரட்டினார். அவன் விரல் உறையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அக்காவும் அன்றிலிருந்து புருஷனிடம் சோறு போதுமா, குழம்பு வேணுமா என்பதற்கு மேல் பேசுவதில்லை. தினமும் கடைக்கு வந்து வார் மாற்றுவாள், பேட்டரி மாற்றுவாள், போய்விடுவாள். "அவனை ஒரு தடவை நீங்க வாயத் தொறந்து கூப்பிடணும்" என்பது ஒன்றுதான் அவள் கேட்டது. அவர் வாய் அதற்கு மட்டும் திறக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்த நர்ஸ் வந்தார்.

"வெயில்ல பாத்தா சூரியன் தெரியுது. வார்டுல பாத்தா ட்யூப்லைட் தெரியுது. மணி மட்டும் தெரியல. நாடியப் பிடிச்சுக்கிட்டு செகண்ட் முள்ளத் தேடிட்டு நிக்கிறேன்."

"வாட்ச்சுல தப்பில்லம்மா. பாக்கத் தெரியணும். கையக் கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க."

"எல்லாப் பக்கமும் சாய்ச்சாச்சு. இன்னும் சாய்ஞ்சா நோயாளி மேலதான் விழணும். முடியுமா, முடியாதா?"

முடியாது என்று சொல்வதற்கு அவர் நாக்கைப் பழக்கவில்லை. வாட்ச்சை வாங்கி மூடியைத் திறந்தார். முக்கோணம். நாலு வருடம் முந்தைய தேதி. முகம் மலர்ந்தது.

"நம்ம வேலை" என்றார்.

தப்பு கண்ணாடியில்தான் இருந்தது. சஃபையர் கண்ணாடி. எளிதில் கீறல் விழாது என்று தலையில் தூக்கிவைத்து ஆடுவார்கள். ஆனால் சாதாரணக் கண்ணாடியைவிட அதிகமாக வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அதற்கு மருந்து ஒன்றுதான். கண்ணாடியைத் தனியே கழற்றி, காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் வைத்து, கண்ணுக்கே தெரியாத மெல்லிய பூச்சை ஏற்ற வேண்டும். மூக்குக்கண்ணாடி லென்ஸுக்கு அப்படிச் செய்கிற பட்டறை ஊரில் ஒன்றே ஒன்று. அங்கே அந்த மெஷினை ஓட்டுகிறவன் மச்சினன்.

"என் தம்பிகிட்ட குடுங்க" என்றாள் மனைவி, வார் மாட்டிக்கொண்டே.

"அவன் பூசினா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கும்."

"பந்தயம் வெச்சுக்கலாமா? அவன் வேலையில ஒரு குத்தம் கண்டுபிடிங்க, நான் இனிமே அவன் பேச்சையே எடுக்கல. கண்டுபிடிக்க முடியலன்னா நீங்களே அவனை வீட்டுக்குக் கூப்பிடணும்."

குற்றம் கண்டுபிடிப்பதில் பந்தயமா? வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. சரி என்றார். இயந்திரத்தை டயலோடு வெளியே எடுத்து, ஒரு பார்வைகூடப் பார்க்காமல் தூசி மூடியைக் கவிழ்த்து வைத்தார். தன் வேலையைத் தானே பார்ப்பதா? கண்ணாடியை மட்டும் அழுத்திக் கழற்றித் தாளில் சுற்றி மனைவியிடம் கொடுத்தார்.

மூன்றாம் நாள் கண்ணாடி திரும்பி வந்தது. நெற்றிக்கண் லென்ஸை இறக்கினார். நேராகப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், விளக்கடியில் பிடித்தார். ஒரு புள்ளி, ஒரு திட்டு, ஓரத்தில் ஒரு உரிசல்? ம்ஹூம். சாய்த்தால் மட்டும் மெல்லிய நீலம் ஓடியது. அரை மணி நேரம் தேடினார். ஒரு குற்றமும் கிடைக்காமல் அவருக்கு வியர்த்தது. இப்படியும் ஒரு மனிதர்.

கடுப்போடு கண்ணாடியைச் சட்டத்தில் அழுத்தினார். இயந்திரத்தின் தூசி மூடியை எடுத்த கையோடு உள்ளே இறக்கிப் பின்மூடியை முடுக்கினார். திருப்பிப் பார்த்தார். கண்ணாடி இருக்கிற மாதிரியே தெரியவில்லை. முட்கள் கையில் குத்துமோ என்பது போல் அவ்வளவு பக்கத்தில் நின்றன. அவற்றுக்குக் கீழே, ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில், கறுப்பாக ஒரு விரல் ரேகை.

நெற்றிக்கண்ணுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கண்ணாடி மேலயே கைய வெச்சிருக்கான்! மாறவே இல்ல!" என்று கத்தினார். துடைத்துப் பார்க்கக்கூட அவசரம் விடவில்லை. மச்சினனுக்குப் போன் போட்டார். "உடனே கடைக்கு வாடா. உன் லட்சணத்த நீயே வந்து பாரு." அவன் வந்து சேர்ந்தபோது நர்ஸும் வாட்ச்சை வாங்க வந்திருந்தார். ஒரு ஆள் சாட்சிக்குக் கிடைத்ததில் அவருக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி.

மச்சினன் வாட்ச்சை வாங்கினான். துணியால் கண்ணாடியை ஒருமுறை துடைத்தான். ரேகை போகவில்லை. வாட்ச்சைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு அதை அவர் முன்னால் வைத்தான்.

"இது கண்ணாடியில இல்ல மாமா. டயல்ல இருக்கு."

"டயல்லயா? அது எப்படி?"

"லென்ஸ இறக்குங்க."

இறக்கினார். வளைவு வளைவாக ரேகை. நடுவில் குறுக்கே, ரேகையை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு வெள்ளைக் கோடு. நெற்றிக்கண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. வலது கட்டை விரலை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அதனால் என்ன பயன்? இருபது வருடமாக ஊருக்கெல்லாம் காட்டிய தழும்பு. மனைவி டயலைப் பார்த்தாள், மேசைக்கு அடியில் போன கையைப் பார்த்தாள்.

நாலு வருடம் முன்பு இந்தக் கடையில் வேறு யார் இருந்தார்கள் என்று அவர் மனம் அப்போதும் தேடியது. ஒருவரும் இல்லை.

"அப்போ அந்தப் பழைய வாட்ச்..." என்று ஆரம்பித்தார்.

"அதுலயும் நடுவுல கோடு இருந்துச்சு மாமா."

"அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"லென்ஸ் உங்க நெத்தியிலதான இருந்துச்சு? ஒரு விரல் கீழ இறக்கியிருந்தா தெரிஞ்சிருக்கும். அதைக்கூடச் செய்யாத ஆளுகிட்ட என்னத்தச் சொல்றது?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். நர்ஸ் வாட்ச்சை எடுத்துக் கட்டிக்கொண்டார். ட்யூப்லைட்டுக்கு நேராகக் கையை நீட்டிப் பார்த்தார்.

"அய்யோ, என்ன தெளிவு! செகண்ட் முள் ஓடுறது தெரியுது."

"டயல மாத்தித் தந்துடறேம்மா" என்றார் நெற்றிக்கண்.

"வேணாம். நாடி பாக்க இது போதும். இது யாரு கைன்னு மட்டும் சொல்லுங்க. இவர் கையா?" என்று மச்சினனைக் காட்டினார்.

இல்லை என்று சொல்வது அத்தனை கஷ்டமா? அந்த மனிதருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"என் கைதான்" என்றார்.

நர்ஸ் போனார். மனைவி வார் பெட்டியை மூடினாள். "பந்தயம்?" என்றாள்.

நெற்றிக்கண் லென்ஸைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்ணைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம் பதிந்திருந்தது. மச்சினனைப் பார்க்காமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். "வீட்டுக்கு வா. சாப்பிட்டுட்டுப் போ."

"வரேன் மாமா" என்றான் அவன். "கையக் கழுவிட்டுத்தான் உக்காருவேன், பயப்படாதீங்க. நீங்களும் மறக்காம கழுவிட்டு வாங்க."

ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தக் கடையில் அக்காவின் சிரிப்புச் சத்தம் கேட்டது.