இலை ஒட்டிய அழைப்பிதழ்கள்

புத்தளம் பக்கத்துக் கனமூலையில் ‘காட் குல்சூம்’ என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் என் வீட்டைக் காட்டும். முழுப் பெயர் உம்மு குல்சூம். கலியாணக் காட், பிள்ளைக்குப் பேர் வைக்கிற காட், ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு வாழ்த்துக் காட், எல்லாம் கையால்தான் செய்வேன். முன் அறையில் நீட்டு மேசை ஒன்று போட்டிருக்கிறேன். வெட்டுகிற பாய், பிளேட் கத்தி, மடிப்புக்குக் கோடு கிழிக்கிற பலகை, பூவும் இலையும் குத்தி எடுக்கிற பஞ்ச்கள், ரப்பர் சீல்கள், பொன் தூள், அந்தத் தூளை உருக்குகிற ஹீட் கன், எல்லாம் அதன்மேல்தான் இருக்கும். அந்த மேசையில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் என் வாய் சும்மா இருக்காது. அது ஊருக்கே தெரியும்.

வேலையில் எனக்குக் கர்வம் உண்டு. வாயைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். நான் சொல்லப் போகிற விஷயம் இந்த இரண்டாலும் வந்தது.

யுத்தம் முடிந்து மூன்றாம் வருடம் அது. சுஹைர் நானா என்னிடம் வந்தார். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, தோணியில் கல்பிட்டிக்கு வந்து இறங்கியவர்களில் ஒருவர். எங்கள் ஊருக்குப் பக்கத்துக் குடியேற்றத்தில் இருக்கிறார். அவரோடு கூடப் பிறந்த நானாவின் மகள் ஸஃப்னாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை ரிஃபாஸ், வண்ணாத்திவில்லு. நூற்றிருபது காட் வேண்டும் என்றார். உள்தாளை அச்சகத்தில் அடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார். மேலட்டையும் அலங்காரமும் மட்டும் என் வேலை.

உள்தாளை வாசித்தேன். ‘செய்னுலாப்தீன் – அஸீஸா தம்பதியரின் மகள்’ என்று இருந்தது. கீழே, அழைப்பவர் சாச்சா சுஹைர். எங்கள் பக்கத்தில் வாப்பா இருக்கும்போது சாச்சா பெயரில் காட் அடிக்க மாட்டார்கள். சாச்சா அழைக்கிறார் என்றால் வாப்பா உயிரோடு இல்லை, மௌத்தாகிவிட்டார். மௌத்தானவர் பெயருக்கு முன்னால் ‘மர்ஹூம்’ என்று போட வேண்டும். அதை அச்சில் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற காரியம். ஒருமுறை காட் அடித்து முடித்த கிழமையே பெண்ணின் உம்மாவுடைய வாப்பா மௌத்தாகிப் போனார். வீட்டாட்கள் பேனையால் எழுதிக் காட்டை அலங்கோலப்படுத்திவிட்டார்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல் கொழும்பில் சொல்லி, ‘மர்ஹூம்’ என்று மட்டும் ஒரு சின்னச் சீல் செய்வித்து வைத்திருந்தேன்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சுஹைர் நானாவின் போன் நம்பர் மேசையிலேயே இருந்தது. ஆனால் அந்தக் குடியேற்றத்துக்கு நான் செய்த காட்களில் பாதிக்கு அந்தச் சீல் தேவைப்பட்டிருந்தது. ‘இவங்கட ஆம்பிளைகளுக்கு ஒரு கடதாசி ஒழுங்கா எழுதத் தெரியாது’ என்று எனக்குள் திட்டிக்கொண்டு சீலை எடுத்தேன். செய்னுலாப்தீன் என்ற பெயருக்கு மேலே குத்தி, ஈரம் காயுமுன் பொன் தூளைத் தூவி, ஹீட் கன்னைப் பிடித்தேன். தூள் உருகி எழுத்து எழும்பி மினுங்கியது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் விரலில் படும். நூற்றிருபதிலும் போட்டேன். உதவி செய்கிற நினைப்புத்தான்.

ஐந்தாம் நாள் காலையில் சுஹைர் நானா வந்து, மாப்பிள்ளை வீட்டுக்கென்று பத்துக் காட்டை எடுத்துக்கொண்டு வண்ணாத்திவில்லுக்குப் போனார். எல்லாம் உறையில் போட்டு ரிப்பன் கட்டியிருந்ததால் அவர் ஒன்றையும் திறக்கவில்லை. மிச்சத்தை வாங்க, மத்தியானம் ளுஹர் தொழுகைக்குப் பிறகு, பெண்ணின் உம்மா அஸீஸா ராத்தாவே வந்தார். உப்பு வாய்க்காலில் வேலை செய்து கறுத்த கைகள். ஒரு காட்டைத் திறந்தார். மேலட்டைப் பூவை ரசித்தார். பிறகு விரல் அந்தச் சொல்லில் போய் நின்றது.

“இதை ஆர் போடச் சொன்ன?”

“போடச் சொல்லோணுமா ராத்தா. அச்சில விட்டுட்டாங்க. நான்தான் பாத்துப் போட்டன்.”

அவர் கதிரையில் உட்கார்ந்தார். இரண்டாவது காட்டைத் திறந்தார், மூன்றாவதைத் திறந்தார். எல்லாவற்றிலும் இருந்தது.

“அவர் மௌத்தெண்டு உனக்கு ஆர் சொன்ன தங்கச்சி?” என்று கேட்டார். குரல் உயரவே இல்லை. “எங்களைத் தோணியில ஏத்திட்டு, பின்னால வாற தோணியில வாறன் எண்டார். ஸஃப்னாக்கு அப்ப நாப்பது நாள். கல்பிட்டிக் கரையில மூணு நாள் நிண்டன். அவர் வரல்ல. அவர்ட உடம்பை, மையத்தைக் கண்டவங்களும் இல்ல, செய்தி கொண்டு வந்தவங்களும் இல்ல.”

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் ஐந்து நாள் வேலை, முதுகு வலி, யாராவது என் வேலையில் குறை சொன்னால் தலைக்கேறுகிற கோபம்.

“இருபத்திரண்டு வருஷம் ராத்தா. உசிரோட இருந்தா வந்திருக்க மாட்டாரா? இல்லாட்டி அங்க வேற குடும்பம் கட்டிட்டார் எண்டு நினைக்கிறீங்களா?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவர் அழவில்லை. காட்டை மூடி, ரிப்பனைப் பழையபடி கட்டினார்.

“இது வீடு வீடாப் போனா முதல் கேள்வி என்ன தெரியுமா? இத்தா இருந்தியா எண்டுதான் கேப்பாங்க. நான் இருக்கல்ல. அப்ப இப்ப இரு எண்டுவாங்க. கலியாணத்துக்குப் பதினாறு நாள் இருக்கு. என்ட புள்ளைட கலியாணத்தை நான் அறைக்குள்ள இருந்து கதவு இடுக்கால பாக்கவா?”

புருஷன் மௌத்தானால் பொண்டாட்டி நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். வெள்ளை உடுப்பு. நகை இல்லை, மருதோன்றி இல்லை, அந்நிய ஆம்பிளைகள் கண்ணில் படக் கூடாது. இத்தா என்றால் அதுதான். எனக்குத் தெரியாத விஷயமா? என் உம்மா இத்தா இருந்தபோது நான்தான் சோறு கொண்டுபோய் வைத்தேன். ஒரு சின்னச் சீலால் அஸீஸா ராத்தாவை நான் விதவையாக்கி, மகளின் கலியாணத்தில் உம்மா இல்லாமலும் ஆக்கப் பார்த்திருந்தேன்.

“ராத்தா, பத்துக் காட் காலையிலயே வண்ணாத்திவில்லுக்குப் போயிட்டு” என்றேன்.

அவர் முகத்தை அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. அபாயாவை மாட்டிக்கொண்டு இறங்கினேன். புத்தளத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து வண்ணாத்திவில்லுக்கு இன்னொரு பஸ். வழியெல்லாம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தேன். அச்சகத்தின் மேல் போடலாம். சுஹைர் நானாவின் மேல் போடலாம். ஆனால் அந்தப் பொன் எழுத்து என் கைவேலை என்று பார்த்தவுடனே தெரியும்.

மாப்பிள்ளையின் உம்மா நஃபீஸா நாலைந்து பெண்களோடு பாயில் இருந்தார். நடுவில் என் காட்கள் திறந்து கிடந்தன. சுஹைர் நானா கொடுத்துவிட்டு அப்போதே திரும்பியிருந்தார்.

“நல்ல நேரம் வந்தீங்க” என்றார் நஃபீஸா. “இதைப் பத்தித்தான் கதைச்சிட்டு இருக்கிறம். சம்பந்தி இத்தா இருந்த எண்டு ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லல்லயே. இருக்கல்ல எண்டா அவங்க முதல்ல அதை இருந்து முடிக்கட்டும். கலியாணத்தைப் பின்னுக்கு வைப்பம் எண்டு யோசிக்கிறம்.”

“பிழை என்ட” என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை என் புருஷனே கேட்டதில்லை. “அச்சில அது இல்ல. ஒருத்தரும் போடச் சொல்லவும் இல்ல. நான்தான் நினைச்சுப் போட்டன்.”

“அப்ப அவர் உசிரோட இருக்காரா?”

எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். பஸ்ஸில் யோசித்த பொய் ஒன்றும் இதற்கு உதவவில்லை.

“எனக்குத் தெரியா. அஸீஸா ராத்தாக்கும் தெரியா. தெரியாத ஒண்டை நான் பொன்னெழுத்தில போட்டுட்டன்.”

நஃபீஸா காட்களை ஒவ்வொன்றாக மூடி உறைக்குள் போட்டு என் மடியில் வைத்தார். “அந்த மனிசிக்கு நாங்களும் ஒரு பாரமா இருக்கக் கூடாது” என்றார். “கலியாணம் சொன்ன நாள்லதான். திருத்திக் கொண்டுவாங்க.”

சொல்வது சுலபம். உருகிப் பிடித்த தூளைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தேன், தாள் கிழிந்தது. திரும்ப அச்சடிக்க அச்சகத்தில் பத்து நாள் கேட்டார்கள். அதற்குள் ஊருக்குச் சொல்லி முடிய வேண்டும். கடைசியில் இலை குத்துகிற பஞ்ச்சை எடுத்தேன். தங்க நிற பிரிஸ்டல் போட் அட்டையில் ஒரு சின்ன இலையைக் குத்தி அந்தச் சொல்லின் மேல் ஒட்டினேன். ஒரு பக்கம் மட்டும் இலை இருந்தால் பார்க்கிறவர்கள் நகத்தால் கிள்ளிப் பார்ப்பார்கள். அதனால் மாப்பிள்ளையின் வாப்பா பெயருக்கு மேலும் ஒன்று. கிழிந்த காட் ஒன்று போக மிச்சம் நூற்றுப் பத்தொன்பது. மூன்று நாள் வேறு வேலை தொடவில்லை. விரல் நுனியெல்லாம் ஒட்டுகிற கம் காய்ந்து தோல் உரிந்தது. உரியட்டும் என்று விட்டேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது காசு நீட்டினார்கள். நான் கையை நீட்டவில்லை. அஸீஸா ராத்தா ஒரு காட்டை வாங்கி இலையைத் தடவிப் பார்த்தார்.

“கீழ இருக்குத்தானே?”

“ஓம் ராத்தா. எடுக்க ஏலாமப் போச்சு.”

“இருக்கட்டும்” என்றார்.

கலியாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போக முகமில்லாமல் போனேன். அஸீஸா ராத்தா நீலச் சாரி உடுத்தி, இரண்டு கையும் சிவக்க மருதோன்றி போட்டிருந்தார். நிக்காஹ் முடிந்து வந்த மாப்பிள்ளைக்குப் பால் கொடுத்தார். மகளைக் கட்டிப்பிடித்து அழுதார், நஃபீஸாவோடு சிரித்தார், ஒரே தட்டில் சேர்ந்து சாப்பிடுகிற சஹன் சோறு யாருக்கு வரவில்லை என்று பந்தி பந்தியாய்ப் போய்ப் பார்த்தார். ஒரு நிமிடம் உட்காரவில்லை. பொண்ணுடைய வாப்பா எங்கே என்று அன்று யாரும் கேட்கவில்லை. நானும் மூலையில் இருந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஸஃப்னா வண்ணாத்திவில்லுக்குப் போன நாலாம் நாள் காலை. நான் மேசையில் மடிப்புக் கிழித்துக்கொண்டிருந்தேன். அஸீஸா ராத்தா வந்தார். காதில் தோடு இல்லை. கையில் மருதோன்றி பாதி மங்கியிருந்தது. பையிலிருந்து அந்தக் காட் ஒன்றை எடுத்து வெட்டுகிற பாயின் மேல் வைத்தார்.

“இலையை எடு தங்கச்சி.”

எனக்கு விளங்கவில்லை. அவரைப் பார்த்தேன்.

“நீதானே ஒட்டின. நீயே எடு. கீழ உள்ளது கிழியக் கூடாது.”

“ஏன் ராத்தா இப்ப?”

“பள்ளிவாசல்ல கேட்டன். இண்டையில இருந்து இத்தா இருக்கலாம் எண்டு ஹஸ்ரத் சொன்னார்.”

“அப்ப இவ்வளவு நாளும் அவர் வருவார் எண்டு நம்பல்லயா?”

“பத்து வருஷம் நம்பினன். அதுக்குப் பிறகு நம்பல்ல. ஆனா என்ட புள்ளையை ஒருத்தரும் எத்தீம் எண்டு சொல்லக் கூடாது. வாப்பா இல்லாத புள்ளை எண்டு இரக்கப்பட்டு ஒருத்தரும் சோறு குடுக்கக் கூடாது, பொண்ணு கேக்கக் கூடாது. அதுக்காக அவரை வச்சிருந்தன். வாப்பா உள்ள புள்ளையா அவள் கலியாணம் முடிச்சிட்டாள். இனி அவரை நான் பிடிச்சு வச்சிருக்கிறது பாவம்.”

வேறு குடும்பம் கட்டிவிட்டாரா என்று அன்று நான் அவரிடம் கேட்டது ஞாபகத்துக்கு வந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் காட்டை என் பக்கம் தள்ளினார். முதலில் வேலையைச் செய் என்பதுபோல் இருந்தது.

ஹீட் கன்னை எட்டப் பிடித்தேன். கம் இளகினால் இலை வரும், கூடச் சூடு பட்டால் எழுத்தும் உருகி ஓடிவிடும். அஸீஸா ராத்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிளேட் முனையால் இலையின் காம்பைத் தூக்கினேன். அது முழுதாக வந்தது. கீழே பொன்னெழுத்து ஒரு மாற்றும் குறையாமல் இருந்தது.

“வாசி” என்றார்.

“மர்ஹூம் செய்னுலாப்தீன்” என்று வாசித்தேன்.

“இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்” என்றார் அவர். மௌத்துச் செய்தி கேட்டால் சொல்கிற வார்த்தை. இருபத்திரண்டு வருடத்தில் புருஷனுக்காக அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார்.

“நாலு மாசமும் பத்து நாளும் எண்டைக்கு முடியுது எண்டு எண்ணிச் சொல்லு.”

“எந்த நாள்ல இருந்து எண்ணுற ராத்தா?”

அவர் காட்டை எடுத்து இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டார்.

“இண்டையில இருந்துதான். மையத்து இப்பதானே வந்து சேர்ந்திருக்கு.”