புத்தக பஸ்ஸில் ஏறிய கரடி

என் வீட்டுக்காரர் ராஜாக்கண்ணு பதினெட்டு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். முழங்கால் தேய்ந்து வேலையை விட்டபோது, ஓட்டத்துக்கு உதவாத ஒரு பஸ்ஸைப் பழைய இரும்புக்குப் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அந்தக் கூட்டை வாங்கினார். லாரியில் கட்டி இழுத்து ஜமுனாமரத்தூருக்குக் கொண்டுவந்தார். ஊர்க் கடைசியில், சாலையோரம், சக்கரம் கழற்றிய பஸ் கருங்கல் மேல் உட்கார்ந்தது. அதுதான் எங்கள் புத்தகக் கடை.

ஊரே சிரித்தது. நானும்தான் தலையில் அடித்துக்கொண்டேன். சீட்டுகளில் பாதியைப் பிடுங்கிப் பலகை அடித்துப் புத்தகம் அடுக்கினார். மீதி சீட்டுகள் உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு. யார் ஏறினாலும் மிச்சமிருந்த பழைய டிக்கெட்டில் ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார். சாயங்காலம் கடை மூடும்போது விசில் ஊதுவார். முன்பக்க வாசலில் மழைச் சாரல் அடிக்கிறதென்று பலகை வைத்து மூடிவிட்டார். பின்படி ஒன்றுதான் வழி.

மே மாதம் எங்களுக்கு சீசன். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் போளூரிலிருந்தும் கண்ணமங்கலத்திலிருந்தும் சொந்தக்காரர் வீட்டுக்கு வரும் பிள்ளைகள், மிளகுத் தோட்டத்து வேலைக்குப் போய்த் திருவிழாவுக்குத் திரும்பியவர்கள், அருவி பார்க்க வந்து திரும்பிப் போக பஸ் கிடைக்காமல் நிற்பவர்கள் என்று எந்நேரமும் சத்தமாக இருக்கும்.

ஆனால் அந்த வருஷம், எண்பத்து நாலில், லீவு விட்டு இரண்டு வாரமாகியும் ஆள் நடமாட்டமே இல்லை. தேன் எடுக்கக் காட்டுக்குப் போன எங்கள் ஊர்ச் சின்னதம்பியைக் கரடி அடித்துவிட்டது. கட்டிலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு எங்கள் கடை வழியாகத்தான் போனார்கள். முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். துணி முகத்தின் மேல் சரியாக உட்காரவில்லை. ஒரு பக்கம் பள்ளமாக இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அது காட்ல நடந்தது, சம்பூர்ணம். நம்ம கடை ரோட்லதான இருக்குது," என்றார் அவர்.

பஸ்ஸுக்கும் காட்டுக்கும் நடுவில் எத்தனை அடி என்று நான் ஏற்கெனவே நடந்து பார்த்திருந்தேன். நாற்பது அடிகூட இல்லை.

ஒரு வியாழக்கிழமை, புதுப் புத்தகக் கட்டு வந்திருக்கிறதென்று அவர் காலை பஸ்ஸில் போளூருக்குக் கிளம்பினார்.

"கடைய மூடிடட்டுமாங்க?" என்று கேட்டேன்.

"லீவு நாள்ல மூடுனா வர்ற புள்ளைங்க ஏமாந்து போய்டும். நீ சும்மா உக்காந்திரு போதும். சாயந்தரம் வந்துர்றேன்."

மூன்று மணி வரைக்கும் ஒருவரும் வரவில்லை. பலா இலை விழுந்தால்கூட எனக்குத் திக்கென்றது. அப்போதுதான் பச்சையம்மா வந்தாள். மேலே இருக்கிற ஒரு மலைக் கிராமத்துக்காரி. சந்தையில் விற்காத இரண்டு பலாப்பழத்தைச் சாக்கில் போட்டுச் சுமந்துகொண்டு, ஆறு வயசு மகள் செல்லம்மாவைக் கையில் பிடித்திருந்தாள். அவர்கள் பஸ்ஸை நெருங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது.

"யக்கா, மழ வுட்டதும் போய்ட்றோம்," என்று சாக்கைப் பின்படிக்கு மேலே, உள்பக்கமாக இறக்கி வைத்தாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. குழந்தைக்கு ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, படம் போட்ட புத்தகம் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தேன். முன்பக்க சீட்டில் மூவரும் உட்கார்ந்தோம். தகரக் கூரையில் மழைச் சத்தம். பழத்தின் வாசனை பஸ் முழுக்க நிறைந்துவிட்டது.

மழை கொஞ்சம் தணிந்தபோது வேறொரு சத்தம் கேட்டது. சளி பிடித்த ஆள் மூக்கை உறிஞ்சுவது போல. யாரோ படிப்பவர் வருகிறார் என்று நான் எழுந்தேன். பச்சையம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. இன்னொரு கையால் மகளின் வாயைப் பொத்தியிருந்தாள்.

"நவுராதீங்க," என்றாள், மூச்சுக் காற்றிலேயே.

பின்படியில் முதலில் தெரிந்தது தலை. நனைந்து தொங்கும் கறுப்பு மயிர், வெளுத்த நீள மூக்கு. அப்புறம் முன்னங்கால் ஒன்று படிமேல் வந்தது. நகம் ஒவ்வொன்றும் என் விரல் நீளம். அது உடம்பை உள்ளே இழுத்தபோது பஸ் ஒரு பக்கமாக அழுந்தி முனகியது. எனக்குக் காதுக்குள் இரைச்சல். சின்னதம்பியின் முகத்துணி மட்டும் கண்ணுக்குள் நின்றது.

கரடி எங்களைப் பார்க்கவில்லை. சாக்கை ஒரே கிழி கிழித்துப் பழத்துக்குள் மூக்கை விட்டது. உர், உர்ரென்று உறிஞ்சுகிற சத்தம்.

ஜன்னலுக்கெல்லாம் கம்பி. பின்வாசலில் கரடி. பச்சையம்மா கண்ணால் டிரைவர் சீட்டைக் காட்டினாள். டிரைவர் இறங்குகிற கதவு அங்கே இருந்தது. ஆனால் அதைத் திறந்தே பல மாதம் ஆகிறது. கைப்பிடியைக் கம்பியால் கட்டி, சீட்டின் மேல் பழைய வாரப் பத்திரிகைக் கட்டுகளைக் கூரை முட்ட அடுக்கி வைத்திருந்தார் என் வீட்டுக்காரர்.

குனிந்தபடியே போனோம். நான் ஒவ்வொரு கட்டாக எடுத்துக் கொடுக்க, பச்சையம்மா சத்தமில்லாமல் எஞ்சின் மூடியின் மேல் வைத்தாள். காகிதம் உரசுகிற ஒலிகூட எனக்கு இடி மாதிரி இருந்தது. ஒவ்வொரு கட்டுக்கும் நடுவில் திரும்பிப் பார்த்தேன். பதினோரு கட்டு. எட்டாவது கட்டை எடுக்கும்போது முதல் பழம் தீர்ந்துவிட்டது. கொட்டைகளைத் துப்பிவிட்டு அது இரண்டாவதைப் புரட்டியது.

"யம்மா, அது நம்ம பழத்த துன்னுது," என்றாள் செல்லம்மா, தன் வாயைத் தானே பொத்தியிருந்த விரலிடுக்கு வழியாக.

"துன்னட்டும் கண்ணு. பேசாத."

கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தது. முறுக்கைப் பிரிக்கப் பிரிக்க என் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. வலி தெரியவில்லை. கம்பி விட்டுக்கொடுத்தது. கைப்பிடியை அழுத்தினேன். கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.

கிறீச்சென்ற சத்தம் பஸ் முழுக்க ஓடியது.

உறிஞ்சுகிற சத்தம் நின்றுவிட்டது. அந்த அமைதியைப் போல் ஒரு பயத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

"குதி பச்சையம்மா!" என்று கத்தினேன்.

அவள் மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குதித்தாள். நான் காலை வெளியே வைத்தேன். முந்தானை கம்பி நுனியில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. சீட்டுகளுக்கு நடுவே பலகைகளை இடித்துச் சரித்துக்கொண்டு கரடி வந்தது. என் முன்னால் வந்து எழுந்து நின்றது. அதன் மூச்சு என் மேல் பட்டது. பலாப்பழத்தின் இனிப்பும் அழுகல் நாற்றமும் கலந்த மூச்சு. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். கத்தினேன் என்றுதான் நினைத்திருந்தேன். நான் வாயே திறக்கவில்லை என்று பச்சையம்மா பிற்பாடு சொன்னாள்.

அவள் ஓடியிருக்கலாம். குழந்தையைச் சேற்றில் இறக்கி விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். கீழேயிருந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தாள். புடவை கிழிந்தது. இருவரும் சேற்றில் விழுந்தோம். கரடி ஓங்கிய அடி, எஞ்சின் மூடியின் மேலிருந்த கட்டுகளில் விழுந்து காகிதமெல்லாம் பறந்தது.

செருப்பில்லாமல், பாதிப் புடவையோடு ஓடினோம். முனிசாமி டீக்கடை வரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆண்கள் தகரத்தையும் தட்டையும் தட்டிக்கொண்டு போனார்கள். யாரும் கிட்டே போகத் துணியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அது தானாகவே பின்படியில் இறங்கி, அவசரமில்லாமல் காட்டுக்குள் போனதாம்.

சாயங்கால பஸ் வந்தது. கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகக் கட்டை அங்கேயே போட்டார் அவர். அந்த முழங்காலோடு ஓடி வந்தார். பத்துப் பேருக்கு நடுவில் என் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். பயம் அவருக்கும் இருந்திருக்கிறது. எனக்குத்தான் காட்டாமல் இருந்திருக்கிறார்.

"கண்ணு தெரியுதா? ரெண்டும் தெரியுதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் ஆவலைங்க," என்றேன். அதற்குப் பிறகுதான் எனக்கு உடம்பு உதறத் தொடங்கியது. கம்பளி போர்த்தியும் நிற்கவில்லை.

அவர் பஸ்ஸைக் கழுவி, பலகைகளைத் திரும்ப அடித்து, பின்படிக்கு இரும்புக் கதவு போட்டு, ஒரு வாரத்தில் கடையைத் திறந்தார். லீவுக் கூட்டம் முழுக்க வந்து குவிந்தது. பஸ்ஸில் கரடி போட்ட நகக் கீறலைத் தொட்டுப் பார்க்க வந்தவர்கள்தான் பாதிப்பேர். எல்லோருக்கும் நான் கதை சொல்ல வேண்டுமாம். வெளியே கல்மேல் உட்கார்ந்துகொண்டு சொல்வேன். முதல் படியில் கால் வைப்பேன். அதற்கு மேல் ஏற முடியாது.

அடுத்த சந்தைக்குப் பச்சையம்மா மகளோடு வந்தாள். செல்லம்மா பத்தடி தள்ளியே நின்றுவிட்டாள்.

"நா ஏற மாட்டேன்," என்றாள்.

"நானுந்தான் ஏறல, பாப்பா," என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பெரியவர்களும் இப்படிச் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது. அப்புறம் வந்து என் மடியில் உட்கார்ந்தாள். ஜன்னல் கம்பி வழியாக அவர் படப் புத்தகத்தை நீட்டினார். "படியேறாத பயணிக்கும் டிக்கெட் உண்டு," என்று ஒரு டிக்கெட்டையும் கிழித்துக் கொடுத்தார். நான் அவளுக்குப் படித்துக் காட்டிய கதை பாதியில் இருக்கும்போதே, ஏறப் பயந்து சாலையிலேயே நின்றிருந்த வேறு சில பிள்ளைகளும் ஜன்னல் பக்கம் வந்துவிட்டார்கள். அந்த லீவு முடியும் மட்டும் பாதி வியாபாரம் ஜன்னலில்தான் நடந்தது.

நான் மறுபடியும் அந்த பஸ்ஸுக்குள் போனது தீபாவளி தாண்டித்தான். அன்றைக்கும் பச்சையம்மா முன்னால் ஏறி, கையை நீட்டினாள்.