இன்னொரு தடவை கேளுங்கள்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. புனேவுக்கு வருகிறவர்கள் எங்கே சாப்பிடலாம், என்ன வாங்கலாம் என்று ஒரு பத்திரிகை என்னிடம் கட்டுரை கேட்டது. காலையில் முளைப்பயறு மிசல், பகலில் காய்கறிச் சந்தை, சாயங்காலம் மஸ்தானி என்று எழுதிக்கொண்டு போனேன். நடுவில் வழிகாட்டி ஒருத்தி வந்து நின்றுகொண்டாள். நகர மாட்டேன் என்கிறாள்.

2

ரெனிட்டாவின் வயிறு எப்போதும்—

(வேண்டாம். வயிற்றைக் காட்டி இரக்கம் சம்பாதிப்பது மட்டம்.)

ரெனிட்டா புனேவின் கேம்ப் பகுதிக்காரி. வேலூரிலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆன குடும்பத்தில் இப்போது மிச்சம் அவள் மட்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் தமிழ்நாட்டுப் பயணிகளைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு அழைத்துப் போவாள். மிசலுக்குக் குழம்பை மறுபடி கேட்டு ஊற்றிக்கொள்ளலாம் என்பாள். மதியம் கடையை மூடிவிடுவார்கள், காரச் சுருளான பாகர்வடியை முதலிலேயே வாங்கிவிடுங்கள் என்பாள். எல்லாரையும் உட்கார வைத்துவிட்டு நின்றுகொண்டிருப்பாள்.

யாராவது உட்காரச் சொல்வார்கள். இப்போதுதான் சாப்பிட்டேன் என்பாள். அவர்களும் தட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: கூப்பிட்டதும் உட்கார்ந்தால் பறக்காவெட்டி என்று பெயர். முதலில் வேண்டாம் என்று சொல்லி, இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் உட்கார வேண்டும். அவளை அப்படித்தான் வளர்த்தார்கள். ஊர் பார்க்க வந்தவர்களுக்கு இரண்டாம் தடவைக்கு நேரமில்லை.)

வீட்டில் தனியாக இருப்பது அவளுக்குப் பழகிவிட்டது. சாப்பிடுகிறவர்கள் நடுவில் இப்படி நிற்பதுதான் தாங்கவில்லை.

3

அவளே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளட்டுமே என்று எழுதிப் பார்த்தேன். கேட்கவில்லை, பிடிவாதக்காரி. நானே உள்ளே போய்க் கூப்பிடலாம். எழுதுகிறவன் கூப்பிட்டால் அது கூப்பிட்டதாகுமா?

4

கடைசியில் மதுரையிலிருந்து ஆனந்தவல்லியை வரவழைத்தேன். இங்கே புறநகர் ஹடப்சரில் இருக்கும் மகனைப் பார்க்க வந்தவர். மகனுக்கு ஞாயிறும் ஆபீஸ், அதனால் இவரும் தனி. மஸ்தானி வந்தது, ஐஸ்கிரீம் மிதக்கும் கெட்டிப் பால், உயரமான தம்ளரில். பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீயும் உக்காரும்மா. ஒரு வாய் சாப்பிடு."

"இப்பதான் சாப்ட்டேன் ஆன்ட்டி."

ஆனந்தவல்லி அவள் முகத்தைப் பார்க்கிறார். ரெனிட்டாவின் கை நாற்காலியின் முதுகில் இருக்கிறது.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவர் மறுபடி கூப்பிட்டார் என்று எழுதுவது பெரிய வேலையில்லை. ஆனால் அது காகிதத்தில் மட்டும் நடக்கும். நீங்கள் எப்படியும் ஒருநாள் புனே வருவீர்கள், பசியோடு இருப்பீர்கள். சாப்பிட்டாயிற்று என்று அவள் சொல்வாள்.

இன்னொரு தடவை கேளுங்கள்.