காற்றுக்கு ஓடிய மீட்டர்

தண்ணீரே வராத தெருவில் தண்ணீர் மீட்டர் மட்டும் பம்பரமாய்ச் சுற்றினால் யாராக இருந்தாலும் சந்தேகப்படுவார்கள். குடிநீர் வாரியம் கைதட்டியது.

அந்த வாரியத்தில் வால்வு திறந்து மூடுகிறவர் அவர். தோள் உயர இரும்புச் சாவியைத் தூக்கிக்கொண்டு திரிவதால் ஊருக்கே சாவிக்காரர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். அவருடைய அக்கா வீடு கடைசித் தெருவில். மேல் தெருக்காரர்கள் குளித்து, துவைத்து, காரையும் கழுவி முடித்தபின் அங்கே வந்து சேர்வது வெறும் காற்றுதான். அந்தக் காற்றுக்கும் தெருமுனை மீட்டர் ஓடும். சூதுவாது தெரியாத மனிதர், மீட்டர் காட்டிய எண்ணை மாதாமாதம் அப்படியே எழுதிக்கொடுத்தார். படிவத்தில் ‘ஓட்டம்’ என்றுதான் இருந்தது. எதன் ஓட்டம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நீர் நிர்வாகத்தைச் சீர்திருத்த வந்த புதிய திட்டம் அந்த எண்களைப் பார்த்து, கடைசித் தெருவில்தான் தண்ணீர் அமோகம் என்று கண்டுபிடித்தது. அப்புறம் அங்கே வாரியம் அனுப்பும் லாரித் தண்ணீர் எதற்கு? வரும் திங்களிலிருந்து லாரி நிறுத்தம் என்று உத்தரவு போட்டார்கள்.

அக்கா வீட்டில் அத்தான் படுத்த படுக்கை. ஒரு நாளைக்கு மூன்று தடவை துணி மாற்றி அலச வேண்டும். லாரி நின்றால் அதற்கு ஏது தண்ணீர்? சாவிக்காரர் வாரிய இன்ஜினியரிடம் போனார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

“சார், அது தண்ணி இல்ல, காத்து.”

இன்ஜினியர் சிரித்தார். “காத்தை எழுதிக் குடுத்தது யாரு? நீதானய்யா?”

இருந்தாலும் மனு மேலே போனது. நேரில் பார்க்கக் குழு வருவதாகப் பதில் வந்ததும் சாவிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவிடம் ஓடினார். “வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரிங்க வர்றாங்கக்கா. இனிமே உனக்குக் கஷ்டம் இல்ல.”

வெள்ளிக்கிழமை காலை இன்ஜினியர் அவரைத் தனியே கூப்பிட்டார். “மேல் தெரு வால்வு மூணையும் அடைச்சிடு. குழு வர்ற நேரத்துல கடைசித் தெருக் குழாய் காஞ்சு கிடந்தா என் மானம் போயிடும்.”

“சார், அப்படிச் செஞ்சா...”

“செய்றியா, இல்ல சாவியைக் குடுத்துட்டுப் போறியா?”

அந்த நிமிஷமே சாவியை வீசி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. ‘சரிங்க சார்’ என்றே பழகிய நாக்கு, பாழாய்ப்போன நாக்கு, அன்றும் அதையே சொன்னது. மூன்று வால்வுகளையும் தன் கையாலேயே முறுக்கி அடைத்தார்.

கடைசித் தெருவில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அக்கா குடம், அண்டா, வாளி, டம்ளர் வரைக்கும் நிரப்பினாள். உடம்பெல்லாம் நனைந்ததுகூடத் தெரியாமல் சிரித்தாள்.

“தண்ணி வருதாம்மா?” குழுத் தலைவர் கேட்டார்.

“நல்லா வருதுங்க! என் தம்பிதான் வால்வுல இருக்கான். எங்களுக்கு இனிமே என்ன குறை?”

தலைவர் அதை எழுதிக்கொண்டார். சாவிக்காரர் பின்னால் நின்று தரையைப் பார்த்தார். குழுவின் வண்டி கிளம்பியதும் மேல் தெருக்காரர்கள் போனில் கத்த, மூன்று வால்வுகளும் திறந்துகொண்டன.

திங்கட்கிழமை லாரி வரவில்லை. குழாய் புஸ்ஸென்றது. மறுநாள் சைக்கிளில் இரண்டு குடம் தண்ணீரைக் கட்டிக்கொண்டு போனவரை அக்கா வாசலிலேயே மறித்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். மெதுவாகத்தான் கேட்டாள்.

“நீ நெனச்சா தண்ணி விட முடியுதுல்ல? இத்தனை வருஷமா ஏண்டா விடல?”